மழைக்கு அம்மா சொல்லும் பெயர்

சுவா,
பிப்ரவரி 8, 1989

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

இனேமி எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணனும் ஒலினா அண்ணியும் சுகமா? இந்நேரம் நொலாமியில் ஈரப்பலா காய்த்துக் கிளை முறிந்துகொண்டிருக்கும். நான் இங்கே காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சேதி. சுற்றி வளைத்தால் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்புவீர்கள், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உதலேவு என்று ஒருவர், கண்டாவுத் தீவுக்காரர். சுவா துறைமுகத்தில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறார். என் ஆராய்ச்சிக்காக ஃபிஜி மொழிச் சொற்கள் கேட்டு அவருடைய அத்தைகளிடம் போனபோது பழக்கம். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். நம் ஊரில் பெண்ணின் அம்மா வாயால் சரி என்று சொன்னால்தான் கல்யாணம் என்றேன். “அப்ப அம்மாவையே கேளு. நான் எங்க போயிடப் போறேன்” என்றார்.

உங்கள் சொல் கிடைத்தால்தான் அவர்கள் வீட்டார் திமிங்கிலப் பல்லை எடுத்துக்கொண்டு முறைப்படி பெண் கேட்பார்கள். நீங்கள் சம்மதிக்காமல் நான் போக மாட்டேன். இதை மிரட்டலாக எழுதவில்லை, உள்ளதை எழுதுகிறேன்.

உங்கள் பதிலுக்குத் தவிக்கும்
இனேமி

*

நொலாமி,
மார்ச் 20, 1989

மகள் இனேமிக்கு அம்மா எழுதுவது.

முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, வலியும் அதை விட்டுப் போகவில்லை. மற்றவர்கள் சுகம். முதல் வகுப்பில் இந்த வருஷம் சேர்ந்திருப்பதெல்லாம் அடங்காத வால்கள்.

உன் கடிதத்தைப் படித்தேன். பையன் நல்லவனாகவே இருக்கட்டும், எஞ்சினைக் கழற்றி மாட்டட்டும், எனக்கு அவன் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் மருமகன் என்றால் என்ன என்று நீ மறந்துவிட்டாய். அவன் பெயர் வீட்டுக்குள் வரும்போது மாமியார் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போக வேண்டும். கடற்கரை வீட்டு நேத்தியைப் பார். மருமகன் பெயர் அபி. அன்றிலிருந்து நெருப்பை அவள் ‘அபி’ என்று சொன்னதில்லை, ‘சுடுவது’ என்றுதான் சொல்வாள். அவள் அடுக்களை பற்றி எரிந்த அன்றுகூட “சுடுவது! சுடுவது!” என்றுதான் தெருவில் ஓடினாள். பாதிப் பேருக்குப் புரிவதற்குள் கூரை போய்விட்டது. ஆனாலும் மாமியார் என்றால் அவள் மாமியார்.

உதலேவு. இந்தப் பெயர் நம் பேச்சில் எதைத் தொடுகிறது? டப்பா மீனுக்கு வைத்த பெயர் மாதிரி இருக்கிறது. அவனுக்காக நான் எதை விட்டுக்கொடுப்பது? ஒரு சொல்லைக்கூட இழக்காதவள் எப்படி மாமியார்? அவன் எப்படி மருமகன்? ஊர் பேர் தெரியாத விருந்தாளி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

படிப்பை முடி. பிறகு பார்ப்போம். அப்படி என்னதான் படிக்கிறாய் என்று எழுது. இங்கே கேட்கிறவர்களுக்கு, “மொழிக்குச் சொந்தக்காரங்களத் தேடுறா” என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அம்மா
பூலா

*

சுவா,
ஏப்ரல் 10, 1989

அம்மாவுக்கு வணக்கம். சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று அழுதேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அவர்கள் வீட்டில் செப்டம்பர் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை மட்டும் தெரிவித்துவிடுகிறேன்.

என்ன படிக்கிறேன் என்று கேட்டீர்கள். நம் மொழியைச் சுற்றுத் தீவுக்காரர்கள் அநாதைப் பேச்சு என்று கேலி செய்வார்களே, அதற்குக் காரணம் ஒரு வெள்ளைக்காரர். எப்போதோ வந்து நம் பெண்களிடம் சொல் கேட்டுப் போனவர். நெருப்புக்கு என்ன என்றால் ‘சுடுவது’, தண்ணீருக்கு என்ன என்றால் ‘குடிப்பது’ என்று சொல்லியிருக்கிறார்கள். மருமகன்களுக்காக விட்ட சொற்கள் என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. இந்த மொழிக்கு எந்தக் குடும்பமும் இல்லை என்று எழுதிவைத்துவிட்டார்.

நான் அதை மாற்றப் பார்க்கிறேன். அம்மா, இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. சொற்கள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதால் மட்டும் சொந்தம் ஆகிவிடாது. அது கடன் வாங்கியதாகக்கூட இருக்கலாம். எங்கே வேறுபட்டாலும் ஒரே விதமாக வேறுபட வேண்டும், அதுதான் சாட்சி. ‘எத்தனை’ என்பதை நாம் ‘பிச’ என்கிறோம். ஃபிஜியில் ‘வித’. டோங்காவில் ‘ஃபிஹ’. சமோவாவில் ‘ஃபிய’. நம் ‘ப’ ஃபிஜியில் ‘வ’, மற்ற இரண்டிலும் ‘ஃப’. நம் ‘ச’ இருக்கும் இடத்தில் ஃபிஜிக்காரர்கள் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து ‘த’ என்பார்கள், டோங்காவில் அது வெறும் மூச்சு, சமோவாவில் அதுவும் கரைந்துவிட்டது. எழுத்தே இல்லாத காலத்தில், கடல் தாண்டித் தாண்டிப் பிரிந்து போனவர்கள், இந்த ஒழுங்கை மட்டும் யாரும் சொல்லாமலே காப்பாற்றியிருக்கிறார்கள். முதலில் இதைப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எங்கள் பேராசிரியை செய்னி டோங்காக்காரர். சிரிப்பதே அபூர்வம். ஆனால் வரிசை சரியாக வந்தால் மேசையைத் தட்டுவார்.

உங்கள் மகள்
இனேமி

*

நொலாமி,
மே 29, 1989

மகளே, எல்லோரும் சுகம். கப்பல் வராததால் தாமதம். அண்ணனுக்கு வந்த காய்ச்சல் போய்விட்டது.

உன் கடிதத்தில் இரண்டு பிழைகள். திருத்தி இதோடு வைத்திருக்கிறேன்.

நீ எழுதிய கதையைப் பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வெள்ளைக்காரரைப் பற்றிய இடத்தில் நேத்திக்கு ஒரே சிரிப்பு. அவளுடைய அத்தைதான் அவருக்குச் சொல் கொடுத்தவளாம். “வெளி ஆளுதானேன்னு பழைய வார்த்தையையே சொல்லியிருக்கலாம், எங்கத்தை மரியாதைக்காரி, சொல்லல” என்கிறாள்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. நம் ‘ச’ வரும் இடத்தில் ஃபிஜிக்காரர்கள் எப்போதும் ‘த’தான் சொல்வார்களா? சில சொல்லில் அப்படி, சில சொல்லில் இப்படி என்று இருக்குமா? திரும்பிப் போனாலும் அப்படித்தானா? அதாவது, அவர்கள் ‘த’ என்றால் நாம் ‘ச’ என்று வைத்துக்கொள்ளலாமா? குத்துமதிப்பாக எழுதாதே. நீயே உறுதியாக நம்பினால் மட்டும் எழுது.

அம்மா
பூலா

*

சுவா,
ஜூன் 19, 1989

அன்புள்ள அம்மா, நலம். அண்ணன் தேறியது கேட்டு நிம்மதி.

நீங்கள் இப்படிக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வேறு சேதிக்குப் பதில் வரும் என்று உறையைப் பிரித்தேன், வரவில்லை. போகட்டும். என் வேலையாவது உங்கள் மனதில் இறங்கியதே.

பதில்: சொல்லின் நடுவில், பரம்பரையாக வந்த சொல் என்றால், நான் பார்த்த வரை பிசகவில்லை. அவர்கள் ‘த’, நம் ‘ச’. திரும்பிப் போனாலும் அப்படித்தான். இதை நம்பித்தான் ஆய்வையே எழுதுகிறேன்.

வடக்குக் குடியிருப்புப் பெண்களிடம் கேட்டு வானம், காற்று, மழை, அலை பற்றிய சொற்களை எழுதி அனுப்ப முடியுமா? உங்கள் கையெழுத்தில் வந்தால் எனக்குச் சந்தேகமே வராது.

இனேமி

*

நொலாமி,
ஜூலை 24, 1989

மகள் இனேமிக்கு,

நாங்கள் சுகம். நீ மெலிந்துவிட்டதாகக் கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். சாப்பிடு.

நீ கேட்டவை தனித்தாளில் இருக்கின்றன. இந்த முறை தெலுவ அதிகம். கிணறு நிரம்பி வழிகிறது. போன வாரம் தெலுவயில் பள்ளிக்கூடத்துப் பாதை அறுந்துபோய்ப் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இந்தப் பக்கம் விட்டோம். காய வைத்த ஈரப்பலா வற்றலெல்லாம் தெலுவ பட்டு வீணாகிவிட்டது. இனி வெயில் வந்தால்தான் உண்டு.

வேறு விசேஷம் இல்லை. இருந்தால் உனக்குத் தெரியாமலா இருக்கும்?

அம்மா
பூலா

*

சுவா,
ஆகஸ்ட் 11, 1989

அம்மா, சுகமா? நான் சுகமாக இல்லை.

‘தெலுவ’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது மழைதானே? மழைக்கு நாம் ‘உச’ என்றுதானே சொல்வோம்? என்னைத் தூக்கி வளர்த்தபோது ‘உச’ என்றுதானே சொன்னீர்கள்? தனித்தாளிலும் மழைக்கு நேரே ‘தெலுவ’தான் இருக்கிறது. ‘உச’ என்பதையே காணோம்.

என் அட்டவணையில் ஆகச் சிறந்த வரி அதுதான் அம்மா. நாம் உச, ஃபிஜியில் உத, டோங்காவில் உஹ, சமோவாவில் உஅ, எங்கோ மலாய்க்காரர்கள் ஹுஜன். உங்கள் தாளைப் பார்த்துப் பேராசிரியை மேசையைத் தட்டவில்லை. “உங்க பழைய வார்த்தை தெலுவயா இருந்து, உச வேற தீவுலேர்ந்து சர்ச் பாட்டோட வந்ததுன்னா என்ன பண்ணுவ?” என்று கேட்டார். அப்படியானால் அந்த வெள்ளைக்காரர் சொன்னதே சரியாகிவிடும்.

மருமகன் விலக்காக இருக்குமோ என்றும் யோசித்தேன். உச என்று பெயர் உள்ளவர் நம் சம்பந்தி வகையில் யார்? விரல் விட்டு எண்ணினேன், ஒருவரும் இல்லை. தயவு செய்து விளக்குங்கள். உச நம்முடைய சொல்லா இல்லையா?

அந்த இன்னொரு சேதிக்கும் நீங்கள் இன்னும் பதில் தரவில்லை. செப்டம்பர் வந்துவிடும்.

இனேமி

*

நொலாமி,
ஆகஸ்ட் 30, 1989

இனேமிக்கு,

சுகம். அந்தச் சொல் நம்முடையதுதான், நம் முன்னோர் காலத்திலிருந்து நம்முடையது. ஆனால் அது இனி என் வாயிலிருந்து வராது, என் கையாலும் எழுத மாட்டேன். ஏன் என்று நான் சொல்வது முறையல்ல. நீ படித்தவள்.

பூலா

*

சுவா,
செப்டம்பர் 9, 1989

அன்புள்ள ஒலினா அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலம்தானே? குழந்தை நடக்கிறதா?

உங்களுக்குத் தனியாக எழுத ஒரு காரணம் உண்டு. அண்ணனிடம் தங்கை கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது, அம்மாவிடம் எடுத்துப் பலனில்லை. ஆறு வரியில் ஒரு கடிதம் போட்டிருக்கிறார்கள். நான் உதலேவுவைக் கட்டிக்கொள்ளக் கேட்டதால் கோபம், கோபத்தில் என் ஆய்வையும் உடைக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மார்ச்சுக்குப் பிறகு அவர் பெயரை ஒரு தடவைகூட எழுதவில்லை. இல்லை என்று சொல்லவும் மனமில்லை, ஆம் என்று சொல்லவும் மனமில்லை. எனக்குத் தாங்கவில்லை அண்ணி.

நாளை உதலேவுவிடம் முடிவாக வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். அவர் வீட்டாரை எவ்வளவு காலம் காக்க வைப்பது? அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் என்றும் சொல்லுங்கள்.

இனேமி

*

நொலாமி,
செப்டம்பர் 21, 1989

அட என் படித்த நாத்தனாரே,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். கப்பல் புகை விட்டுக்கொண்டு நிற்கிறது. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

நீ நாசமாய்ப் போக. உனக்கு வந்தது சம்மதம். அதை அட்டவணையில் போட்டுக் குட்டிச்சுவராக்கிவிட்டாய்.

நீ ஜூனில் எழுதிய கடிதம் வந்ததல்லவா? அன்று பள்ளி விட்டதும் அத்தை தனியாகக் கரும்பலகை முன்னால் நின்றார். நான் சாப்பாடு கொண்டுபோனேன். பலகையில் மாப்பிள்ளை பெயரின் முன்பாதி, ‘உத’ என்று எழுதியிருந்தது. ‘த’வை அழித்தார், ‘ச’ போட்டார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முழுவதையும் தன் தோள் துணியாலேயே துடைத்தார். மறுநாள் மாதர் கூட்டத்தில், எல்லாரும் கேட்க, “தெலுவ வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் முடிங்க” என்றார். தெலுவ என்றால் ஓலை நுனியில் சொட்டுகிற தண்ணீர், உனக்குத் தெரியாது, பதினொரு வயதிலேயே விடுதிக்குப் போனவள்தானே. நேத்தி விடுவாளா? “என்னக்கா, யாரு அந்தப் புது மருமகன்?” என்றாள். அத்தை துணியால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். ஊருக்கே தெரிந்துவிட்டது. உனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அத்தை அதை எப்படி வெளிப்படையாக எழுதுவார்? மருமகன் ஆன பிறகு அவர் பெயரைச் சொல்ல முடியாது, அவரால் விலகிய சொல்லையும் சொல்ல முடியாது, விலகிய காரணத்தையும் சொல்ல முடியாது. உனக்குத் தெரியும் என்று அத்தை நினைத்தார். “அவ கொடுத்த விதிதானே” என்று என்னிடம் ஒரு தடவை முணுமுணுத்தார்.

பெயர் ஒரே மாதிரி ஒலித்தால்தானே விலக்கு என்பாய். ஊரிலும் அப்படித்தான். அத்தையை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. இவராகத்தான் தேடிக் கண்டுபிடித்து வாயைக் கட்டிக்கொண்டார். வற்றல் நனைந்த கதை தெரியுமா? கருமேகம் வந்ததும் எங்களைக் கூப்பிட வாயெடுத்தார், புதுச் சொல் நாக்கில் வரவில்லை. கையைக் கையை ஆட்டினார். ஈ ஓட்டுகிறார் என்று நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். வகுப்பில் மழைப் பாட்டு வந்தால் அந்த ஓர் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார். டீச்சருக்குப் பாட்டு மறந்துபோச்சு என்று வால்கள் சிரிக்கின்றன. அத்தையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்து நீ கண்டதுண்டா? பொறுத்துக்கொண்டு நிற்கிறார்.

மாப்பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஓடிப் போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கு. கப்பல்காரன் கத்துகிறான்.

ஒலினா

*

கண்டாவு,
அக்டோபர் 22, 1989

என் அம்மாவுக்கு,

கண்டாவுத் தீவிலிருந்து எழுதுகிறேன். சுகம் என்ற சொல் போதவில்லை.

அண்ணியின் கடிதம் வருவதற்கு முன்பே அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு பேராசிரியை செய்னியிடம் ஓடினேன். என் உயிரில் பாதி அவர் கையில் இருந்தது. படித்துச் சிரித்தார் அம்மா, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சொன்னார்: “உன் ஆய்வ முதல்ல நம்பினவங்க உங்கம்மாதான். நீகூட இந்த அளவுக்கு நம்பல.” அது உண்மை. மழையின் பெயர் உள்ளவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வரியையும் என் கையாலேயே எழுதிவிட்டு, இது யாருக்கான விலக்கு என்று விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். எனக்கு அவர் பெயர் வெறும் பெயராகவே இருந்தது. நீங்கள்தான் அதைப் பிரித்துப் பார்த்து நம்முடையதாக்கினீர்கள். உங்களைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. முகத்துக்கு நேரே சொல்ல வெட்கப்படுவேன், அதனால் எழுதுகிறேன்.

படகு பிடித்து இங்கே வந்தேன். அவருக்கு அண்ணியின் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டார். நிலா என்றேன்.

மறுநாள் அவர்கள் வீட்டில் பெரியவர்கள் யங்கோனா பானம் கலந்து உட்கார்ந்தார்கள். நான் பெண்கள் பக்கம் இருந்தேன். அவருடைய அம்மாவுக்கு என் மேல் நல்ல கோபம், வேண்டாம் என்று சொன்னவள் எதற்கு வந்தாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மாமா சமாதானமாக, எந்த மாதத்தில் கல்யாணத்தை வைக்கலாம் என்று கேட்டார். இவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். இவர்கள் பேச்சில் நிலாவும் மாதமும் ஒரே சொல், வூலா. நம் பூலாதான் அது.

“என்னடா, எண்ணத் தெரியலையா?” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள்.

“அந்த வார்த்தைய இனிமே நான் சொல்லக் கூடாது மாமா. அது என் மாமியாரோட பேரு” என்றார் இவர். இந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது, யாருக்கும் புரியவில்லை. விளக்கச் சொன்னார்கள். விளக்கிவிட்டுக் கடைசியில், “அவங்க எனக்காக மழையையே விட்டுட்டாங்க. நான் ஒரு நிலாவ விடக் கூடாதா?” என்றார்.

அவருடைய அம்மாதான் எழுந்து வந்தார், என் பக்கத்தில் உட்கார்ந்தார், நொலாமிக்குக் கப்பல் எப்போது என்று கேட்டார். திமிங்கிலப் பல்லை அவரே கொண்டு வருகிறாராம்.

உங்கள்
இனேமி

*

நொலாமி,
நவம்பர் 17, 1989

மகள் இனேமிக்கு அம்மா எழுதுவது.

எல்லோரும் சுகம். கடிதத்தில் பிழை இருந்ததா என்று இந்த முறை பார்க்கவில்லை. பார்க்கக் கண் தெரியவில்லை.

வரப்போகிறவரைப் பற்றி நான் எழுதுவது முறையல்ல. ஆகவே இதைப் பொதுச் சேதியாக எடுத்துக்கொண்டு, கேட்க வேண்டியவர் காதில் விழும்படி நீ உரக்க வாசி. மாதம் என்று சொல்லாமல் ஒரு மனிதர் சம்பள நாளைக்கூடச் சொல்ல முடியாது. பெயர்க்காரி விட்டுக்கொடுத்தால் சொல்லலாம் என்று நம் வழக்கத்தில் இடம் இருக்கிறது. நான் விட்டுக்கொடுத்தேன். அவர் நிலாவை நிலா என்றே சொல்லட்டும், மாதத்தை எண்ணட்டும்.

என்னுடையதைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல். எனக்கு அது வேண்டாம். வகுப்பில் வால்கள்கூட இப்போது புதுச் சொல்லை வைத்தே பாடுகின்றன.

கப்பல் வரும் அன்று குடை கொண்டு வாருங்கள். இங்கே தெலுவ விடாமல் பெய்கிறது.

அம்மா
பூலா